எல்லையும் வழிகளும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். சமையலறையில் அது மெய். கணிதத்தில் எல்லை காணும்போது அது பொய்த்துவிடும். காரணத்தை இன்று நேயர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

ஒரே மாறியைக் கொண்ட சார்புக்கு எல்லை காண்பது எளிது. எண்கோட்டில் ஒரு புள்ளியை நெருங்க இடம், வலம் என இரு பக்கங்களே உண்டு. மாறிகள் எக்ஸ், ஒய் என இரண்டானால் கோடு தளமாக விரிகிறது. புள்ளியை எத்திசையிலிருந்தும் நேராகவோ வளைந்தோ நெருங்கலாம். வழிகள் எண்ணிறந்தன.

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸின் வர்க்கத்தை ஒய்யால் பெருக்கித் தொகுதியாக எழுதுங்கள். எக்ஸின் நான்காம் அடுக்கோடு ஒய்யின் வர்க்கத்தைக் கூட்டிப் பகுதியாக எழுதுங்கள். ஆதிப்புள்ளியில் இப்பின்னம் 0/0 ஆகிப் பொருளற்றுப் போகிறது. அப்புள்ளியை நெருங்குங்கால் அதன் மதிப்பு எதனை நாடுகிறது?

அச்சுகளின் வழியே வந்தால் மதிப்பு எங்கும் 0. ஒய்யும் எக்ஸும் சமமான நேர்கோட்டில், எக்ஸ் 1/10 ஆகும்போது மதிப்பு 10/101. 1/100 ஆகும்போது 100/10001. இதுவும் 0-ஐயே நாடுகிறது. ஆதிப்புள்ளி வழிச் செல்லும் எந்த நேர்கோட்டிலும் முடிவு இதுவே. விடுமுறையில் என்னிடம் ஐயம் கேட்க வந்த கல்லூரி மாணவர் பலர், இவ்விடத்தில் "எல்லை 0" என்றெழுதி அடிக்கோடும் இட்டுவிடுவர். "பரவளைவின் வழியே வந்து பாருங்கள்" என்பேன்.

ஒய், எக்ஸின் வர்க்கத்துக்குச் சமம் என்க. எக்ஸ் 1/10 எனில் ஒய் 1/100. தொகுதி 1/10000, பகுதி 2/10000, மதிப்பு 1/2. எவ்வளவு நெருங்கினாலும் அந்த 1/2 மாறுவதில்லை. ஆகவே எல்லை இல்லை. ஆதிப்புள்ளியில் எந்த மதிப்பை வைத்தாலும் தொடர்ச்சியின்மை நீங்காது.

இது மாணவர் மட்டும் இடறும் இடமன்று. ஒவ்வொரு மாறியிலும் தனித்தனியே தொடர்ச்சியுடைய சார்பு, எல்லா மாறிகளிலும் ஒருங்கே தொடர்ச்சியுடையது என்று பிரெஞ்சுக் கணித மேதை கோஷியே தம் 1821ஆம் ஆண்டு நூலில் எழுதினார். ஆதிப்புள்ளியில் 0 என்ற மதிப்பை வைத்தால், நம் சார்பே அதனை மறுத்துவிடும்.

அங்ஙனமாயின் எல்லை உண்டென்று நிறுவுவது எப்படி? பகுதியிலுள்ள நான்காம் அடுக்கை வர்க்கமாக மாற்றுங்கள். இப்போது எக்ஸின் வர்க்கம் ஒருபோதும் பகுதியை விஞ்சாது. ஆதலின் பின்னத்தின் அளவு ஒய்யின் அளவை விஞ்சாது. ஒய் 0-ஐ நாடும்போது பின்னமும் 0-ஐ நாடியே தீரும். இங்கே எவ்வழியையும் நாம் சோதிக்கவில்லை. எல்லா வழிகளையும் ஒரே வரம்புக்குள் அடக்கிவிட்டோம். ஆதிப்புள்ளியில் 0 என வைத்தால் சார்பு தொடர்ச்சியும் பெற்றுவிடும்.

எல்லை இல்லையென்று காட்ட, முரண்படும் இரண்டு வழிகள் போதும். உண்டென்று காட்ட, ஒத்துவரும் ஆயிரம் வழிகளும் போதா; நிறுவலே வேண்டும்.