முதலில் துணியைத் தொட்டுப் பாருங்கள்

கோயில் திருவிழாவுக்கு இளைஞர் மன்றத்துக்காரர்கள் கேட்கிறார்கள். கல்லூரி விழாவுக்கு மாணவர்கள், கிரிக்கெட் போட்டிக்குத் தெருப் பையன்கள், காதுகுத்துக்கு ஒரே நிறத்தில் வந்து நிற்க ஆசைப்படும் குடும்பங்கள் என்று எல்லோரும் தங்கள் பெயரும் படமும் போட்ட டிஷர்ட்டைக் கேட்கிறார்கள். அதனால் அதைச் செய்து விற்க நினைப்பவர்களும் கூடிவிட்டார்கள். திருப்பூருக்கு பஸ் ஏறி வருகிற தம்பிகள் போனில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணா, இதை அடிக்க எவ்வளவு ஆகும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். டீ சொல்லிவிட்டு நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்தத் துணியில தம்பி?"

அதற்குப் பெரும்பாலும் "காட்டன்" என்று பதில் வரும். அந்த ஒரு சொல் போதாது.

வேட்டியும் சட்டைத் துணியும் பாவும் ஊடையுமாக நெய்தவை. பனியன் துணி அப்படியில்லை. வட்டமாகச் சுழலும் மெஷினில் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னுகிறார்கள். கண்ணி என்பதால் இழுத்தால் விரியும், விட்டால் ஒடுங்கும். உடம்புக்கு உடம்பு அளவெடுக்காமல் நாலைந்து சைஸிலேயே ஊரெல்லாம் போட்டுக்கொள்ள முடிவது இதனால்தான். துவைத்ததும் சுருங்குவதும் இதே குணத்தால்தான். 1920களில் இந்தப் பின்னல் வேலை திருப்பூரில் தொடங்கியபோது உள்ளே போடும் வெள்ளைப் பனியன்தான் சரக்கு. இன்று ஏற்றுமதிக்கு என்னென்னவோ தைத்தாலும் ஊரார் வாயில் அது பனியன் கம்பெனிதான்.

துணியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் எண் ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. இதை அளக்க ஒரு வட்டக் கத்தி இருக்கிறது. அழுத்தித் திருப்பினால் சரியாக 100 சதுர செண்டிமீட்டர் துண்டு வெட்டிக் கொடுக்கும். அதைச் சின்னத் தராசில் வைத்து, வந்த கிராமை 100ஆல் பெருக்கினால் ஆயிற்று. 1.8 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம். கத்தி இல்லாவிட்டாலும், பழைய சாம்பிளிலிருந்து 10 செண்டிமீட்டர் சதுரம் வெட்டி நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். கட்சிக் கூட்டத்துக்கு ஒரு நாள் போட்டுவிட்டுப் போகும் டிஷர்ட் 140க்கும் கீழே இருக்கும். கையில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். தினமும் போடுவதற்கு 180 நல்ல அளவு. 220, 240 என்று போனால் கனமும் மடிப்பும் அழகாக இருக்கும், ஆனால் சித்திரை வெயிலில் போட்டவருக்குத்தான் கஷ்டம். 180 துணியில் ஒரு கிலோவுக்குப் பெரியவர்கள் டிஷர்ட் நாலைந்து கிடைக்கும். விலைப் பேச்சு முழுவதும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. ஜிஎஸ்எம் பத்து குறைந்தால் கிலோவுக்குக் கிடைக்கும் பீஸ் கூடும், அது யாருக்கும் கண்ணில் படாது.

இரண்டாவது நூல். 24ஆம் நம்பர், 30ஆம் நம்பர் என்பார்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்ற பழைய ஆங்கிலேயர் கணக்கு இது. எண் ஏற ஏற நூல் மெலியும். நம்பரோடு அதன் தரத்தையும் கேளுங்கள். கோம்டு நூலில் குட்டை இழைகளைச் சீவி எடுத்திருப்பார்கள், துணி வழவழப்பாக இருக்கும். கார்டட் நூலில் அந்தக் குட்டை இழைகள் அப்படியே கிடக்கும். நாலு சலவையில் அவை மேலே எழுந்து சுணைக்கும், அச்சுக்கு நடுவே எழும்பி நிறத்தை மங்கலாகக் காட்டும். வாடிக்கையாளர் "பிரிண்ட் வெளுத்துப் போச்சு" என்று கொண்டுவரும் டிஷர்ட்டுகளில் பலவற்றில் மை அப்படியே இருக்கும், அதன் மேல் பஞ்சு முளைத்திருக்கும். பயோவாஷ் செய்த துணி என்று கேட்டு வாங்குவது இதற்காகத்தான். என்சைம் கலந்த தண்ணீரில் அந்த மேலிழைகளைத் தின்ன விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு கோளாறு எனக்கு நெடுநாளாக உறுத்துவது. சில டிஷர்ட்டுகளைத் துவைத்தபின் போட்டால், பக்கவாட்டுத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வந்துவிடும். நடுநெஞ்சில் நேராக அடித்த படம் சாய்ந்து நிற்கும். தைத்தவர் தப்பு என்று நினைப்போம். பெரும்பாலும் அவர் தப்பு இல்லை. நூலுக்கு முறுக்கு உண்டு, முறுக்கு அவிழப் பார்க்கும், அவிழும்போது கண்ணிகளையும் சேர்த்துச் சாய்க்கும். நூலையும் துணியையும் சரியாகப் பதப்படுத்தாமல் அவசரத்தில் வெட்டினால் இது வரும். ஆகவே சாம்பிள் ஒன்றை வாங்கி, நீளம் அகலம் குறித்துக்கொண்டு, மூன்று தடவை துவைத்துக் காயப்போட்டு மறுபடி அளந்து பாருங்கள். நீளத்தில் 5 சதவீதம் வரை சுருக்கம் பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் அந்தத் துணி வேண்டாம். கழுத்துப் பட்டியையும் இழுத்து விடுங்கள். ரிப் துணியில் லைக்ரா சேர்த்திருந்தால் பழைய இடத்துக்குத் திரும்பும், இல்லாவிட்டால் அலை அலையாக நிற்கும்.

வெள்ளையைவிடக் கறுப்பும் சிவப்பும் ஏன் விலை கூட என்று கேட்பார்கள். பருத்தியில் சாயம் ஏறக் கிலோக் கணக்கில் உப்பு வேண்டும், அடர்ந்த நிறத்துக்கு இன்னும் அதிகம். அந்த உப்பும் சாயமும் ஆண்டுக்கணக்கில் நொய்யல் ஆற்றில் போய்ச் சேர்ந்தன. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது, கீழே விவசாயம் அழிந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் தண்ணீரையும் உப்பையும் மீட்டெடுத்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் பட்டறை நடத்தலாம் என்பது அதன்பின் கண்டிப்பாயிற்று. அந்தச் செலவு சாயக்கூலியில் இருக்கிறது. அது இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். அடிமாட்டு விலைக்குக் கறுப்புத் துணி தருகிறேன் என்று யாராவது சொன்னால், எங்கே சாயம் போட்டது என்று கேளுங்கள்.

இனி அச்சு. பழையதும் இன்றும் பெரிய வேலைகளைத் தாங்குவதும் ஸ்கிரீன் பிரிண்டிங். ஓட்டை போட்ட தட்டில் கோலப்பொடியைத் தூவி வாசலில் கோலம் இறக்குகிறோமே, அதே வித்தைதான். ஒரு சட்டத்தில் மெல்லிய பாலியஸ்டர் வலையை இழுத்துக் கட்டி, வெளிச்சம் பட்டால் இறுகும் பசையைப் பூசுகிறார்கள். படத்தின் பிலிமை அதன்மேல் வைத்து விளக்கைக் காட்டினால், படம் மறைத்த இடத்தில் மட்டும் பசை இறுகாது. தண்ணீரில் கழுவியதும் அந்த இடம் திறந்துகொள்ளும். நீளமான டேபிளில் துணியை ஒட்டவைத்து, பிரேமைப் பதித்து, ரப்பர் பட்டையால் மையை இழுத்தால் படம் இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு பிரேம். மூன்று நிறம் என்றால் மூன்று பிரேம், மூன்றும் முடியிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும்.

இங்கேதான் எண்ணிக்கைக் கணக்கு வருகிறது. கணக்குப் புரிவதற்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம்: பிலிமும் பிரேமும் நிறத்துக்கு 600 ரூபாய், அடிப்பதற்கு நிறத்துக்கு 5 ரூபாய். மூன்று நிறப் படத்துக்கு முதலிலேயே 1,800 ரூபாய் போய்விடும். 10 டிஷர்ட் அடித்தால் ஒன்றுக்கு 180உம் 15உம் சேர்ந்து 195 ரூபாய். 100 அடித்தால் 33. 500 அடித்தால் 18 ரூபாய் 60 காசு. "ஒரே படம்தானே, பத்துக்கு ஒரு விலை, ஐநூறுக்கு ஒரு விலையா?" என்று கோபப்படுபவர்களிடம் இந்தக் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுங்கள், கோபம் போய்விடும்.

பத்து பீஸ்காரருக்கு வழி இல்லையா என்றால், இப்போது டிடிஎஃப் வந்திருக்கிறது. பிளாஸ்டிக் பிலிம் சுருளில் கம்ப்யூட்டர் பிரிண்டரே எல்லா நிறத்தையும் அடித்து, மேலே வெள்ளை மையும் அடித்து, அதன்மேல் பசைத்தூளைத் தூவி உருக்கித் தருகிறது. அதை டிஷர்ட்டில் வைத்து, 150, 160 டிகிரி சூட்டில் பத்துப் பதினைந்து விநாடி ஃப்யூசிங் மெஷினில் அழுத்தி, பிலிமை உரித்தால் முடிந்தது. பிரேம் கிடையாது. ஒன்றுக்கும் அதே விலை, நூறுக்கும் ஏறக்குறைய அதே விலை. மேலே சொன்ன கணக்கில் டிடிஎஃப் ஒன்றுக்கு 60 ரூபாய் என்றால், 40 பீஸ் வரை இது லாபம், அதைத் தாண்டினால் ஸ்கிரீன் லாபம். உங்கள் ஊர் விலையைப் போட்டு இந்த எல்லையை நீங்களே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மார்பு முழுக்கப் பெரிய சதுரமாக டிடிஎஃப் ஒட்டினால் அது துணிமேல் ஒரு தாள். காற்றும் போகாது, வேர்வையும் போகாது. எழுத்துக்கும் சின்னச் சின்னப் படத்துக்கும் அது நல்லது. படத்துக்குள் இடைவெளி விட்டு வரையச் சொல்லுங்கள்.

கிரிக்கெட் ஜெர்சி கேட்பவர்களுக்குச் சப்ளிமேஷன். இந்தச் சாயம் 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள்ளேயே புகுந்துவிடும். கையால் தடவினால் அச்சு தட்டுப்படாது, வெடிக்காது, உரியாது. பருத்தியில் இது நிற்காது. வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில்தான் எடுபடும், ஏனென்றால் இதில் வெள்ளை மை என்பதே இல்லை. சூட்டில் ஆவியாகும் இதே குணம் வேறோர் இடத்தில் தொல்லை தரும். சிவப்புப் பாலியஸ்டர் ஜெர்சியில் வெள்ளை எழுத்து அடித்துச் சூடு காட்டினால், துணியின் சாயம் கிளம்பி எழுத்துக்குள் ஏறும். அடித்த அன்று வெள்ளை, கொஞ்ச நாளில் ரோஸ். அதைத் தடுக்க அடியில் பூசும் மையோ குறைந்த சூட்டில் உலரும் மையோ இருக்கிறதா என்று பட்டறையில் முன்பே கேட்டுவிடுங்கள்.

மை எதுவானாலும் அதன் ஆயுள் சூட்டில் இருக்கிறது. ரப்பர் போலத் தடித்து நிற்கும் பிளாஸ்டிசால் மை 160 டிகிரியை அடியாழம் வரை தொட்டால்தான் வேகும். மேலே காய்ந்து அடியில் பச்சையாக இருந்தால், கடையில் அழகாக இருந்துவிட்டு வீட்டில் பாளம் பாளமாக வெடிக்கும். அச்சு ஆறியபிறகு இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெடித்தால் மொத்தத்தையும் மறுபடி சூட்டுக்கு அனுப்பச் சொல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துணியோடு ஒட்டி மெத்தென்று இருக்கும் பிக்மென்ட் அச்சை ஈர வெள்ளைத்துணியால் தேய்த்துப் பாருங்கள்.

தமிழில் வாசகம் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் ஃபான்ட் மாறி எழுத்து உடைந்துபோவது இன்னும் நடக்கிறது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கிடக்கும். ஆகவே எழுத்தாக அனுப்பாமல் உருவமாக மாற்றிய கோப்பை அனுப்புங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் சின்னப் புள்ளி வலைக்கண்ணில் அடைபட்டுக் காணாமல் போகும், ண, ஞ, ழ போன்றவற்றின் சுழிகள் மை நிரம்பி மூடிக்கொள்ளும். தடித்த, வாய் திறந்த எழுத்துருவை எடுத்து, புள்ளியைச் சற்றுப் பெரிதாக்குங்கள். 2020 செப்டம்பரில் இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் சிரீஷும் தமிழ் வாசக டிஷர்ட் போட்டு நின்ற படம் பரவியதும், "இந்தி தெரியாது போடா" டிஷர்ட்டுக்குத் திருப்பூரில் ஆர்டர் குவிந்தது. அவ்வளவு சீக்கிரம் அடித்துக் கொடுக்க முடிந்ததற்கு, அது வெறும் பெரிய எழுத்தாக இருந்தது ஒரு முக்கியக் காரணம். அடிப்பதற்கு முன் வாசகத்தை வாடிக்கையாளரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, சரி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சைஸைப் பொறுத்தவரை "எனக்கு எல்" என்று சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனி எல் இன்னொன்றில் எம். அவருக்குச் சரியாக இருக்கும் பழைய டிஷர்ட்டைத் தரையில் விரித்து, அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே பக்கத்துக்குப் பக்கம் அளந்து இரட்டிக்கச் சொல்லுங்கள். 42 வந்தால் அவர் சைஸ் 42 அங்குலம். கொடுத்த பட்டியலுக்கு மேல் எக்ஸ்எல்லில் ஓரிரண்டு கூடுதலாகத் தைத்து வையுங்கள், பெயர் கொடுக்காதவர் கடைசி நாளில் வருவார்.

99 ரூபாய்க்கு முடியுமா என்று பேரம் வரும். முடியும் என்பவர்களும் இருக்கிறார்கள். துணி கிலோ விலைக்கு வாங்கியது, அதில் பேரம் கொஞ்சம்தான் நடக்கும். சாயக்கூலியும் அப்படியே. எஞ்சியிருப்பது ஜிஎஸ்எம், நூலின் தரம், தையல் கூலி. பவர்டேபிளில் ஓவர்லாக் ஓட்டுபவரும், பக்கத்தில் கைமடித்துக் கொடுக்கும் அம்மாவும், பிசிர் வெட்டுகிறவரும் பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள். அவர்கள் கூலியில் ஒரு ரூபாய் குறைத்தால் உங்கள் வாடிக்கையாளருக்குக் கிடைப்பது அந்த ஒரு ரூபாய்தான். தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளிடம் நான் கெஞ்சிக் கேட்பது இது: விலை குறைய வேண்டுமா, நிறத்தைக் குறையுங்கள், படத்தைச் சின்னதாக்குங்கள், இரண்டு மன்றத்து ஆர்டரை ஒரே துணியில் சேருங்கள். கூலியில் கை வைக்காதீர்கள்.

நடிகர் படம், கார்ட்டூன், கிரிக்கெட் அணியின் சின்னம் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன என்பதற்காக அடித்து விற்க உரிமை வந்துவிடாது. புகைப்படமும் ஓவியமும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் வருகின்றன, சின்னங்களுக்கு வணிகக்குறிச் சட்டம் இருக்கிறது. உங்கள் ஊரிலேயே வரைகிற பையன் ஒருவன் இருப்பான். அவனுக்குப் பணம் கொடுத்து வரையச் சொல்லுங்கள், அந்தப் படத்தை எத்தனை தடவை அடிக்கலாம் என்பதையும் அப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். சரக்கைக் கொடுக்கும்போது ஒவ்வொரு கவரிலும் ஒரு சீட்டுப் போடுங்கள்: உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைக்கவும், முதல் சலவையைத் தனியாகப் போடவும், நிழலில் காயவைக்கவும், அச்சின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்க வேண்டாம்.