உங்களுக்குத் தெரியுமா? மிங்கலாடோனும் கொழும்பும்: பிரதமர் நாற்காலியின் கதை

யாங்கூனின் வடக்கே மிங்கலாடோனில் ஒரு பக்கம் சர்வதேச விமான நிலையம், இன்னொரு பக்கம் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே ராணுவ முகாம். பர்மாவின் பிரதமர்கள் வெளிநாடு பறந்தது இங்கிருந்து. அவர்களை வீட்டுக்கு அனுப்பியதோ ராணுவம்.

1954 ஏப்ரல் கடைசியில் சுதந்திர பர்மாவின் முதல் பிரதமர் ஊ நூ கொழும்பில் இருந்தார். இலங்கைப் பிரதமர் சர் ஜோன் கொத்தலாவல கூட்டிய மாநாடு அது. நேருவும், பாகிஸ்தான், இந்தோனேசியப் பிரதமர்களும் வந்திருந்தார்கள். மறுவருடம் நடந்த ஆசிய-ஆப்பிரிக்க நாடுகளின் பாண்டுங் மாநாட்டுக்கு வித்து விழுந்தது அங்கேதான். ஒரு சின்னத் தீவின் பிரதமர் அழைத்தால் ஆசியாவே வந்து உட்கார்ந்த காலம்!

உலகின் முதல் பெண் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 1960 ஜூலை 21-இல் பதவியேற்றபோது அவர் மக்களவைத் தேர்தலில் நின்று வென்றவர் அல்ல, செனட் சபை வழியாக வந்தவர். அது தெரியுமா? அவர் மூன்று முறை பிரதமர். முதல் இரண்டு முறையும் அரசாங்கத்தின் கடிவாளம் அவர் கையில். 1994-இல் மூன்றாம் முறை உட்கார்ந்தபோது அதே பெயர்தான், அதே பதவிதான்; ஆனால் அதிகாரம் ஜனாதிபதியான மகள் சந்திரிகாவிடம். காரணம், ஜே.ஆர். ஜெயவர்த்தன கொண்டுவந்த 1978 அரசியலமைப்பு. பிரதமராக இருந்த அவரே ஜனாதிபதியாகி, அதிகாரத்தையும் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பர்மாவில் பதவியே காணாமல் போனது. 2008 அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 2011-இல் பிரதமர் நாற்காலி ஒழிந்தது. கடைசியாக இருந்த தெய்ன் செய்ன் ஜனாதிபதி ஆனார். பிள்ளைகள் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் என்பதால் ஆங் சான் சூ சீ ஜனாதிபதி ஆக முடியவில்லை. 2016-இல் அவருக்கென்றே அரசு ஆலோசகர் பதவி உருவானது. அவரது ஆட்சியைக் கவிழ்த்த ராணுவத் தளபதி மின் ஆங் ஹ்லைங், 2021 ஆகஸ்டில் பிரதமர் பட்டத்தைத் தூசு தட்டி எடுத்துச் சூட்டிக்கொண்டார்.

ஒரே நேரத்தில் இரண்டு பிரதமர்கள்? இலங்கையில் 2018 அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்தார். ரணில் பிரதமர் இல்லமான அலரி மாளிகையை விட்டு நகரவில்லை. நீதிமன்றம் குறுக்கிட்ட பிறகு டிசம்பர் 16-இல் அவரே மறுபடி பதவியேற்றார்.

ஊ நூவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1962 மார்ச் 2-இல் ராணுவத் தளபதி நெ வின் அவரைக் கவிழ்த்தார். 1988 செப்டம்பரில், மக்கள் தெருவில் இறங்கிய நேரத்தில், "சட்டப்படி நானே பிரதமர்" என்று ஊ நூ அறிவித்தார். சில நாட்களில் ராணுவம் மறுபடி நாட்டைப் பிடித்தது.

இதையெல்லாம்விடத் தமிழர்கள் மறக்கக்கூடாத ஆண்டு 1964. மார்ச்சில் நெ வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. தலைமுறைகளாக வியாபாரம் செய்த நம்மவர்கள், நகைநட்டுக்கூட எடுத்துவர வழியின்றிக் கப்பலேறினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் டில்லியில் கையெழுத்திட்டார்கள்: மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரின் கதி பிறகு பேசிக்கொள்வதாக. தேயிலைக் கொழுந்து கிள்ளிய அந்த மக்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் அரசு 1948-இல் பறித்த குடியுரிமைக்கு, மிச்சமிருந்தவர்களுக்கான முழுத் தீர்வுச் சட்டம் 2003-இல்தான் வந்தது.

சென்னை பர்மா பஜாரில் அத்தோ நூடுல்ஸ் சாப்பிடும்போதோ, நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் தாயகம் திரும்பிய குடும்பத்தைச் சந்திக்கும்போதோ, எந்த ஊர், எந்தக் கப்பல், எந்த வருடம் என்று கேளுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.