எடுத்து வளர்த்த பிள்ளையின் பதிவும் இரகசியமும்

வற்றாப்பளை, கேப்பாப்பிலவு, முள்ளியவளை என்று நந்திக்கடலை அண்டிய ஊர்களில் பேத்தியை வளர்க்கும் அம்மம்மாவையும், தங்கையின் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கும் பெரியம்மாவையும், உறவேயில்லாத குழந்தையை வழியில் தூக்கிவந்து வளர்த்தவரையும் நாம் அறிவோம். 2009இல் கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று அடையாள அட்டை எடுக்கும் வயதைத் தாண்டிவிட்டார்கள். சிலருக்குக் கலியாணப் பேச்சும் தொடங்கிவிட்டது. இவ்வளவு காலமும் எவரும் வாய்திறக்காத ஒரு கேள்வி, இப்போது படிவங்களோடு வீட்டுக்குள் வருகிறது: "பெற்றோர் பெயர் என்ன?"

"தத்தெடுத்த விடயம் இரகசியம், அதை ஒருவரும் கேட்க முடியாது" என்று சிலர் நம்புகிறார்கள். "பதிந்தால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்" என்று வேறு சிலர் அஞ்சுகிறார்கள். இரண்டும் அரைகுறை விளக்கங்களே. சட்டம் எதைப் பூட்டுகிறது, எதைப் பூட்டவில்லை என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் பூட்டுவது எதை?

இலங்கையில் தத்தெடுத்தலை 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆளுகிறது. சட்ட ஏடுகளில் இதற்கு 'மகவேற்பு' என்று பெயர். கிராம அலுவலரின் கடிதமோ, சத்தியக் கடதாசியோ ஒருவரைத் தத்துப் பெற்றோர் ஆக்காது. நீதிமன்றக் கட்டளை வேண்டும். 10 வயது கடந்த பிள்ளையானால் அதன் சம்மதத்தையும் அந்தச் சட்டம் கேட்டது. பிள்ளைக்குத் தெரியாமலே எல்லாம் நடக்கவேண்டும் என்று சட்டம் நினைக்கவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

கட்டளை கிடைத்ததும் பதிவாளர் நாயகம் அதைத் தத்துப் பிள்ளைகளுக்கான தனி ஏட்டில் பதிகிறார். அந்தப் பதிவின் பிரதி பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகப் பயன்படும். பழைய பிறப்புப் பதிவு கிழித்தெறியப்படுவதில்லை. தத்தெடுக்கப்பட்டது என்ற குறிப்போடு அது தன் இடத்திலேயே இருக்கும். பழைய பதிவையும் புதிய பதிவையும் இணைத்துக் காட்டும் ஏடு மூன்றாவது. இதுதான் பூட்டப்பட்ட ஏடு. அயலவர், உறவினர், கலியாணத் தரகர் எவரும் அதைப் பார்க்க முடியாது. நீதிமன்றம் கட்டளையிட்டால் மட்டுமே அதிலுள்ள விபரம் வெளிவரும்.

ஆக, ஊர்வாயிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றுவதற்கே இந்தப் பூட்டு. அதேவேளை, ஒருநாள் தேவைப்பட்டால் போய்ச்சேரும் வழியும் அழியாமல் இருக்கிறது. பூட்டின் சாவி நீதிமன்றத்தில் இருக்கிறது.

பூட்டிய ஏடும் பொய் ஏடும்

பூட்டிய ஏட்டைத் திறக்கலாம். பொய் எழுதிய ஏட்டைத் திறந்தாலும் பயனில்லை. இதற்கு நம் நாட்டுப் பிள்ளைகளே சாட்சி. 1970களிலும் 1980களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். வளர்ந்தபின் தாயைத் தேடி வந்த பலர், தம் கோவைகளில் இருந்த பெயரும் முகவரியும் பொய் என்று கண்டனர். பெறாத பெண்கள் தாயாக நடித்துக் குழந்தையைக் கையளித்த சம்பவங்களும் வெளிவந்தன. 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று இதை அம்பலப்படுத்தியது. 2020 டிசம்பரில் சுவிற்சர்லாந்து அரசு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்து, விசாரணைக் குழுவின் அறிக்கையை அடுத்து, வெளிநாட்டுத் தத்தெடுத்தலையே இடைநிறுத்தியது. வருத்தம் தெரிவித்தாலும் பொய்யான பெயர் மெய்யாகிவிடாது. இன்றும் அவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் வன்னியில் நடந்தது வேறு. இங்கே பணத்துக்காக அல்ல, உயிர் காக்கவே பிள்ளைகள் கைமாறினார்கள். பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, காணி அனுமதிப்பத்திரம் எல்லாம் பதுங்கு குழியிலும் பாதையிலும் போயின. பிரிந்த பிள்ளைகளைத் தேட 2009இன் இறுதியில் யுனிசெப் உதவியுடன் வவுனியாவில் ஒரு பிரிவு இயங்கத் தொடங்கியது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அங்கே தம் பிள்ளைகளின் பெயரைப் பதிந்தன. இன்னும் தேடும் தாய்மார் இருக்கிறார்கள்.

இந்த நிலையில், எடுத்து வளர்த்த பிள்ளையைத் தாம் பெற்ற பிள்ளை என்று காலங்கடந்த பிறப்புப் பதிவு செய்தால் என்ன நடக்கும்? அன்பினால் செய்தாலும் பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். அதைவிடப் பெரிய இழப்பு, தேடும் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே இருந்த ஒரே பாதை அடைபட்டுவிடுவது. பெற்றவர்களின் வயற்காணி பற்றிக் கேள்வி எழும்போதும், 'நான் இன்னாருடைய பிள்ளை' என்று காட்ட ஒரு கடதாசியும் இராது.

நாம் செய்யக்கூடியவை

1. தெரிந்ததை இன்றே எழுதி வையுங்கள். பிள்ளை கிடைத்த இடம், நாள், உடுத்திருந்த உடை, உடலில் இருந்த அடையாளம், உடன் இருந்தவர்களின் பெயர், சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரி, முகாமின் வலயம் எதையும் சிறிதென்று விடாதீர்கள். அம்மம்மாவின் நினைவு அவரோடு போய்விடும்.

2. வயதுக்கு ஏற்றவாறு பிள்ளைக்குச் சொல்லுங்கள். வேலிச் சண்டையில் அயலவர் வாயால் கேட்பதிலும் பார்க்க, வளர்த்தவர் மடியில் இருந்து கேட்பது நல்லது. பெற்றோரை இயன்றவரை அறியும் உரிமை பிள்ளைக்கு உண்டென்று, இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயம் கூறுகிறது.

3. இன்று சிறுபிள்ளை ஒன்றை எடுத்து வளர்ப்பவர்கள் தாமதிக்க வேண்டாம். தத்தெடுத்தலுக்கு வயதெல்லை உண்டு. பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ, நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்கள உத்தியோகத்தரையோ அணுகுங்கள். பெயரையும் பெற்றோரையும் மாற்றாமல், பராமரிக்கும் பொறுப்பை மட்டும் உறவினருக்கு நீதிமன்றம் வழங்கும் ஒழுங்கும் உண்டு. அம்மம்மா, பெரியம்மாவுக்கு அதுவே போதுமாக இருக்கலாம்.

4. முன்னர் பிழையாகப் பதிந்துவிட்டவர்கள் தாமாக எதையும் திருத்த முற்படாமல், முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணியிடம் பேசுங்கள். வசதியற்றோருக்கு அங்கே உதவி இலவசம்.

5. அயலவர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. பிறர் வீட்டுப் பிள்ளையின் பிறப்பு, கிணற்றடிப் பேச்சுக்கு உரிய பொருள் அல்ல. சட்டம் ஏட்டைப் பூட்டலாம். ஊர்வாயை நாமேதான் பூட்ட வேண்டும்.

ஷெல்லடிக்கு நடுவே யாரோ பெற்ற பிள்ளையைத் தோளில் சுமந்து வந்தவர்கள் நம் மக்கள். அந்தப் பிள்ளைக்குச் சோறும் படிப்பும் கொடுத்த கைகள், அதன் உண்மையான பெயரையும் பத்திரமாகக் கொடுக்கட்டும். அதனால் வளர்த்தவரின் உரிமை ஒரு துளியும் குறைந்துவிடாது.