மூன்று விரல் நுழையாத வாய்

வாய்ப்புற்றுநோய் என்றதும் சிகரெட் அட்டையில் அச்சிட்டிருக்கும் அந்தக் கோரமான புண்தான் கண்முன் வருகிறது. அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்தே இரண்டு தவறான பாடங்களைப் படித்து வைத்திருக்கிறோம். புண் வந்தபிறகு கவலைப்பட்டால் போதும் என்பது ஒன்று. புகையிலையைத் தொட்டவன் கவலைப்பட்டால் போதும் என்பது இன்னொன்று. அந்தமானில் இந்த இரண்டு பாடமும் பிள்ளைகளுக்குத்தான் கேடாக முடியும். இங்கே ஆபத்து பெரும்பாலும் பாக்கின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. புண் தலைகாட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வலியில்லாமல், கன்னத்துக்குள் வந்து குடியேறிவிடுகிறது. போர்ட் பிளேரின் மரைன் ஹில் மேட்டிலிருந்து அபர்தீன் பஜார் வரைக்கும் (ஊரின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, மேடும் பஜாரும் அப்படியேதான் இருக்கின்றன) எந்தப் பெட்டிக்கடையிலும் ஒரு பொட்டலம் வாசனைப் பாக்கு வாங்கப் பள்ளிக்கூடப் பையனிடம் வயது கேட்க மாட்டார்கள். கேட்கச் சொல்லிச் சட்டமும் இல்லை. இந்தக் கட்டுரையின் வழக்கு அதுதான்: புகையிலையை மட்டும் எண்ணிக்கொண்டு பாக்கை விட்டுவிட்டால், இளைஞர்களின் வாயைக் காப்பாற்ற முடியாது.

தீவுகளின் நிலவரம் அரசின் கணக்குகளிலேயே இருக்கிறது. போர்ட் பிளேரில் இயங்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மையத்தைச் சேர்ந்தவர்களும் பிறரும் சேர்ந்து, 14 வயதைத் தாண்டிய 18,018 பேரிடம் நடத்திய ஆய்வு 2012-இல் வெளியானது. அதன்படி 48.9 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். மெல்லுவது மட்டுமே பழக்கமாக உள்ளவர்கள் 40.9 விழுக்காடு. ஆக, இங்கே புகையிலை என்றால் புகை அன்று, மெல்லுதல். பழக்கமுள்ளவர்களில் நான்கில் மூன்று பேர் 21 வயதுக்கு முன்பே தொடங்கியவர்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்விலும் தீவுகளின் ஆண்களில் பாதிக்கு மேல், பெண்களில் ஏறத்தாழ பத்துக்கு மூன்று பேர் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள். இந்திய அளவில் பெண்களில் இது பத்துக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. இவ்வளவு பெரிய எண்ணிக்கையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. கேட்கப்பட்ட கேள்வி புகையிலையைப் பற்றியது. வெறும் பாக்கு போடும் பதினைந்து வயதுக்காரன் இந்தக் கணக்கில் ‘பழக்கம் இல்லாதவன்’ ஆகிவிடுகிறான். தமிழர் வீட்டில் தாம்பூலமும், வங்காளிகள் வீட்டில் பானும், நிக்கோபாரிகளிடம் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பும் மரியாதையின் அடையாளமாக இருக்கும் ஊரில், தோட்டத்துக்குத் தோட்டம் கமுகு நிற்கும் ஊரில், அவனைப்போல எத்தனை பேர் என்று யோசித்துப் பார்க்கலாம்.

பாக்கு தன்னளவிலேயே புற்றுநோய் தரும் என்பது புதிய செய்தியே அன்று. லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலைப் பாக்கை 1985-லேயே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. புகையிலை சேராத தாம்பூலமும், தனிப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவையே என்ற முடிவை 2004-இல் வெளியிட்டது. சிகரெட் இருக்கும் அதே முதல் பட்டியலில்தான் பாக்கும் இருக்கிறது. நம்ப மறுப்பவர்கள் தைவானைப் பார்க்கலாம். அங்கே போடும் பாக்கில் புகையிலை கிடையாது. அப்படியிருந்தும் அந்நாட்டு ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. புகையிலை சேர்க்காமல் பாக்கும் சுண்ணாம்பும் மெல்லும் மரபுள்ள பப்புவா நியூ கினியின் கதையும் இதுதான். அந்த முகமையின் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-இல் உலகெங்கும் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 3,89,800 வாய்ப்புற்றுநோய்களில் 1,20,200 மெல்லும் புகையிலையாலும் பாக்காலும் வந்தவை. இந்தியாவின் பங்கு 83,400. தவிர்த்திருக்கக்கூடியவை இவை என்பதுதான் அந்தக் கணக்கின் பொருள்.

பாக்கு வாய்க்குள் என்ன செய்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், அறிகுறியை எங்கே தேடவேண்டும் என்பதும் விளங்கிவிடும். பாக்கில் உள்ள அரிகோலின் போன்ற காரப்போலிகள் கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நார்களை நெய்யும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. பாக்கிலுள்ள செம்பு அந்த நார்களை ஒன்றோடொன்று முறுக்கிப் பிணைக்கும் நொதிக்குத் தீனியாகிறது. நெய்வது கூடுகிறது, கரைவது குறைகிறது. தளர்வாக இருக்கவேண்டிய கன்னம் மெல்ல மெல்லத் தோல்வார் போல விறைக்கிறது. பல் மருத்துவர்கள் இதை சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்கிறார்கள். கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டதாக 1952-இல் ஒரு மருத்துவர் பதிவு செய்தார். அடுத்த ஆண்டே மும்பையிலிருந்தும் பதிவு வந்தது. கடல் தாண்டிப் போனபோது நம்மவர்கள் இட்லிக் கொப்பரையோடு பாக்குவெட்டியையும் கொண்டுபோனார்கள் அல்லவா, நோயும் கூடவே போயிருக்கிறது. இதன் முதல் அறிகுறி மருத்துவமனையில் தெரிவதில்லை, சாப்பாட்டுத் தட்டில் தெரிகிறது. நேற்றுவரை மிளகாய்ச் சட்னி கேட்டு வாங்கியவன் ரசம் எரிகிறது என்பான், காரம் வேண்டாம் என்பான். அடுத்து உள்கன்னம் வெளுத்துப் பளிங்குபோல ஆகும். விரலால் தடவினால் கயிறுபோல் பட்டைகள் தட்டுப்படும். சீட்டியடிக்க வராது, பலூன் ஊத முடியாது, நாக்கை முழுதாக நீட்ட முடியாது. கடைசியாக வாய் திறக்காது. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். அவரவர் விரல், அவரவர் வாய். ஆரோக்கியமான வாயில் மூன்றும் போகும். இரண்டுதான் போகிறது என்றால் பல் மருத்துவரிடம் போயாக வேண்டும். இதற்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

‘எங்கள் ஆச்சி எண்பது வயதுவரை வெற்றிலை போட்டாள், அவளுக்கு என்ன ஆயிற்று?’ என்ற கேள்வி எந்தத் தமிழ் வீட்டிலும் எழும். இதற்கு இரண்டு பதில் உண்டு. எண்பதுவரை இருந்த ஆச்சியை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஐம்பதில் வாய் புண்ணாகிப் போன பெரியத்தையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பிழைத்தவர்களை மட்டும் சாட்சிக்கூண்டில் ஏற்றினால் எந்த வழக்கும் தள்ளுபடியாகும். இரண்டாவது பதில்தான் முக்கியமானது. ஆச்சி போட்டதும் பேரன் போடுவதும் ஒரே பொருள் அன்று. ஆச்சியின் தாம்பூலத்தில் வெற்றிலை பெரும்பங்கு, பாக்கு சீவலாகக் கொஞ்சம். வெற்றிலைக்கு ஓரளவு காக்கும் குணம் உண்டென்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. அதற்கென்று ஒரு நேரமும் இருந்தது: உணவுக்குப் பின், வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து, காம்பு கிள்ளி, நரம்பு உரித்து. பொட்டலத்தில் வருவதோ உலர்ந்த பாக்குத்தூள், இனிப்பு, வாசனை. இலை இல்லை, நேரம் காலம் இல்லை. பேருந்தில், வகுப்பு இடைவேளையில், கைப்பேசி பார்க்கும்போது என்று நாளெல்லாம் கன்னத்தில் அதக்கிக்கொள்ளலாம். ஹைதராபாத் ஆய்வொன்று 1996-லேயே இந்த வித்தியாசத்தை அளந்தது. தாம்பூலம் போட்டவர்களுக்கு வாய் இறுக எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பான் மசாலா, குட்கா பழக்கத்தில் மூன்று ஆண்டுக்குள் வந்துவிட்டது. பொட்டலம் மலிந்த தலைமுறையில் இந்த நோய் ஏன் முதியவர்களைவிட இளைஞர்களிடம் அதிகம் தெரிகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேடத் தேவையில்லை.

வாய் இறுகிய எல்லோருக்குமா புற்றுநோய் வருகிறது என்று கேட்கலாம். இல்லை. எர்ணாகுளம் பகுதியில் இத்தகைய நோயாளிகளை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில் 7.6 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் வந்தது. நூற்றுக்கு ஏழெட்டுப் பேர்தானே என்று ஆறுதல் கொள்வதற்கு முன் அந்த 17 ஆண்டுகளை ஓர் இளைஞனின் வயதோடு கூட்டிப் பாருங்கள். பதினெட்டில் வாய் இறுகத் தொடங்கியவனுக்கு அப்போது முப்பத்தைந்து. கைக்குழந்தை இருக்கும் வயது. மேலும், இறுகிய வாய் தானாகத் தளர்வதில்லை. பாக்கை நிறுத்தினால் மேலும் மோசமாகாமல் இருக்கலாம். ஊசி மருந்தாலும் வாய்ப் பயிற்சியாலும் அறுவையாலும் சில மில்லிமீட்டர் திறப்பை மீட்கலாம், அவ்வளவுதான். இதில் கொடுமை, பிறகு புற்று வந்தாலும் அந்த வாய்க்குள் பார்ப்பதே கடினம். விளக்கடிக்க முடியாது, சதைத்துணுக்கு எடுக்க முடியாது, அறுவைக்கு மயக்கம் கொடுக்கக் குழாய் செலுத்துவதும் பெரும்பாடு.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பலன் உண்டு என்பதற்குத் திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கிய பெரிய ஆய்வு சான்று. பஞ்சாயத்துகளில் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஏறத்தாழ 1,90,000 பேரில் ஒரு பகுதியினரின் வாயைப் பயிற்சி பெற்ற பட்டதாரிகள் (மருத்துவர்கள் அல்லர்) வீடு தேடிப்போய்ப் பார்த்தார்கள். பதினைந்து ஆண்டு முடிவில், புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 24 விழுக்காடு குறைந்திருந்தது. டார்ச் விளக்கும் கண்ணும் செய்த வேலை இது. ஆனால் அந்த ஆய்வில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். இன்றைய தேசியத் திட்டத்தின் வாய்ப்பரிசோதனையும் 30 வயதில்தான் தொடங்குகிறது. புற்றைத் தேடுவதற்கு அந்த வயது சரி. புற்றுக்கு முந்தைய இறுக்கத்தைத் தேடுவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டு தாமதம். இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் வலியற்ற கட்டி என்று சுவரொட்டிகள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் உண்மையானவை, எந்த வயதிலும் அலட்சியப்படுத்தக் கூடாதவை. தீவில் இருப்பவருக்குத் தாமதத்தின் விலை இன்னும் அதிகம். அட்லாண்டா பாயின்ட்டில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனையைத் தாண்டிய பெரிய சிகிச்சை என்றால் பலருக்கும் சென்னையோ கொல்கத்தாவோதான். சென்னைக்குக் கடல்வழியே சுமார் 1,200 கிலோமீட்டர், கப்பலில் ஏறினால் மூன்று நாள்.

மது, கூரான பல், தொண்டைப் பகுதியைத் தாக்கும் வைரஸ் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கு வரும் நாக்குப் புற்றைப் பற்றியும் மருத்துவர்கள் பேசுகிறார்கள். பேசட்டும். இந்தத் தீவுகளில் கைக்கெட்டும் காரணம் கடைவாசலில் தொங்கும்போது, கைக்கெட்டாததைப் பற்றிய விவாதம் காத்திருக்கலாம். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் விற்கக் கூடாது என்கிறது. 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், குழந்தைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது. இரண்டிலும் பாக்கு இல்லை. உணவுப் பொருளில் புகையிலை கூடாது என்ற விதியால் குட்கா தடையானபோது, புகையிலையைத் தனிப் பொட்டலமாகவும் பாக்கு மசாலாவைத் தனிப் பொட்டலமாகவும் அருகருகே தொங்கவிட்டு விற்கும் சாமர்த்தியம் நாடெங்கும் பிறந்தது. பாக்குப் பொட்டலம் உணவுப் பொருளாகவே சந்தையில் நடமாடுகிறது. மெல்வது உடல்நலத்துக்குக் கேடு என்ற ஒரு வரி மட்டும் அதன்மேல் இருக்கும். கேடு என்று அச்சிட்டுவிட்டுக் குழந்தைக்கு விற்கலாம் என்று அனுமதிப்பது என்ன நியாயமோ! கமுகை நம்பியிருக்கும் தீவு விவசாயி என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானதுதான். வயது வரம்பு அவர் தோட்டத்தை வெட்டாது. சிறுவர்களை நம்பித்தான் அவர் பிழைப்பு என்றால் அதைப் பிழைப்பு என்று சொல்வதற்கே வேறு துணிச்சல் வேண்டும்.

சட்டம் மாறும்வரை செய்யக்கூடியது ஒன்று கையிலேயே இருக்கிறது. பிறந்தது முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013 முதல் நடப்பில் உள்ளது. அதன் மருத்துவக் குழு பள்ளிக்கே வருகிறது, பல்லையும் பார்க்கிறது. உயரம், எடை எழுதும் அட்டையில் வாய்த் திறப்பு என்று இன்னொரு கட்டம் போட்டு, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று ஆண்டுதோறும் எழுதினால் போதும். பாக்கு போடுகிறாயா என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் ஆசிரியர் முன்னால் ஆமாம் சொல்லாது. ஆனால் வளரும் பிள்ளையின் அட்டையில் ஒன்பதாம் வகுப்பில் 44 என்றும், பத்தாம் வகுப்பில் 39 என்றும் எழுதியிருந்தால் யாரும் எதையும் கேட்கவே வேண்டியதில்லை.