இதயத்துக்கு ஈடு கொடுக்காத கால்கள்

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவின் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு குதிரையின் இதயம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. 1930இல் மெல்போர்ன் கோப்பையை வென்ற ஃபார் லாப்பின் இதயம் அது. எடை 6.2 கிலோ. பந்தயக் குதிரைகளுக்குப் பொதுவாக 4 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அவ்வளவு பெரிய இதயம் பிறவியிலேயே வாய்த்ததா, ஓடி ஓடி வளர்ந்ததா என்று இனிப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் சில மாதப் பயிற்சியில் குதிரையின் இதயம் பெருப்பதை ஸ்கேனிலேயே பார்க்கலாம்.

ஓய்வில் நிமிடத்துக்கு 30, 40 முறை துடிக்கும் இதயம், நாலுகால் பாய்ச்சலில் 220ஐத் தாண்டும். எவ்வளவு பழக்கினாலும் இந்த உச்ச எண்ணிக்கை கூடாது. கூடுவது ஒரு துடிப்புக்கு வெளியேறும் இரத்தத்தின் அளவு. நன்றாகத் தேறிய குதிரை உச்ச வேகத்தில் நிமிடத்துக்கு 300 லிட்டர் வரை இரத்தத்தைச் சுற்றிவிடும்.

அந்த இரத்தமும் ஓய்விலிருந்த அதே இரத்தம் அல்ல. குதிரையின் மண்ணீரல் சிவப்பணுக்களைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம். ஓட்டம் தொடங்கியதும் அது சுருங்கிக் கையிருப்பைக் கொட்டிவிடும். இரத்தத்தில் 40 சதவீத அளவில் இருந்த அணுக்கள் 60ஐத் தாண்டிவிடும். மனித வீரர் தன் இரத்தத்தையே எடுத்து வைத்திருந்து போட்டிக்கு முன் ஏற்றிக்கொண்டால் தடை விதிக்கிறார்கள். குதிரைக்கு அது பிறவிச் சலுகை! ஊசியைக் கண்டு மிரண்டாலே மண்ணீரல் சுருங்கிவிடுவதால், மிரண்ட குதிரையின் இரத்தப் பரிசோதனையை மருத்துவர்கள் அப்படியே நம்புவதில்லை.

நுரையீரல் மட்டும் பயிற்சிக்கு மசிவதில்லை. குதிரைக்கு வாயால் மூச்சுவிட வராது. பாய்ச்சலில் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சுதான். இதயம் தேறத் தேற இரத்தம் நுரையீரலை இன்னும் விரைவாகக் கடக்கிறது. ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ள அவகாசம் குறைகிறது. அங்குள்ள நுண்குழாய்கள் அழுத்தம் தாங்காமல் வெடிப்பதும் உண்டு. பந்தயம் முடிந்து உள்நோக்குக் குழாயை விட்டுப் பார்த்தால், பெரும்பாலான குதிரைகளின் மூச்சுக்குழாயில் இரத்தச் சுவடு தெரியும்.

உண்மையான சிக்கல் கால்களில் இருக்கிறது. எலும்பு மெதுவாகவேனும் கற்றுக்கொள்ளும். அதற்கும் நெடுந்தூர மென்னடை போதாது, இடையிடையே சிறிது தூரம் வேகமாக ஓடினால்தான் முன்னங்கால் எலும்பு தன்னை உறுதியாக்கிக்கொள்ளும். தசைநாணோ வளர்ந்த குதிரையில் அநேகமாக மாறுவதே இல்லை. பாய்ச்சலின்போது முன்னங்காலின் பின்புறத் தசைநாணின் உட்பகுதி 45 டிகிரி வரை சூடேறும். இரண்டே மாதத்தில் இதயமும் தசையும் தயாராகி, குதிரை இன்னும் ஓடத் துடிக்கும். தசைநாண் பழைய நிலையிலேயே இருக்கும். நல்ல பயிற்சியாளர் கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பது அங்கேதான். அவசரத்தில் தசைநாண் கிழிந்தால், ஆறுவதற்குப் பெரும்பாலும் ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகும். ஆறிய இடத்தில் வருவதும் பழைய நெகிழ்வில்லாத தழும்புத் திசு. மறுபடி கிழிவது பெரும்பாலும் அதை ஒட்டித்தான்.