கருவில் அமையும் இருதயம்

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள அபர்தீன் நகரில், 1950-ஆம் ஆண்டில் டாக்டர் டுகால்ட் பேர்ட் என்னும் பிரசவ வைத்திய நிபுணர் தொடங்கிவைத்த பதிவேடுகளில், கர்ப்பிணிகள் முதன்முறை பரிசோதனைக்கு வந்தபோதே அவர்களுடைய உயரமும் எடையும் குறிக்கப்பட்டன. 1976 வரை பிறந்த 37,709 பேரின் பிற்கால நோய், மரண விவரங்களை அந்த ஏடுகளோடு ஒப்பிட்டு 2013-இல் வெளியான ஆராய்ச்சியின்படி, சரியான எடையுள்ள தாய்மாரின் மக்களைக் காட்டிலும், உடல் நிறை குறியெண் 30-க்கு மேற்பட்ட தாய்மாரின் மக்களுக்கு அகால மரண அபாயம் 35 சதவீதமும், இருதய, இரத்தக்குழாய் வியாதிகளால் ஆஸ்பத்திரியில் சேரும் அபாயம் 29 சதவீதமும் அதிகமாயிருந்தன.

ஆயினும் ஏடுகள் தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டா. குடும்பத்தின் ஆகாரப் பழக்கமும் பரம்பரைக் கூறும் தாய்க்கும் பிள்ளைக்கும் பொதுவானவை அல்லவா? காரணத்தை நாடிய அமெரிக்காவின் வயோமிங் சர்வகலாசாலை விஞ்ஞானிகள், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தேவைக்கு ஒன்றரை மடங்கு தீனி கொடுத்துக் கொழுக்கவைத்த பெண் செம்மறிகளின் சிசுக்களை ஆராய்ந்தபோது, இன்னும் பிறவாத அக்குட்டிகளின் இருதயத் தசைநார்களுக்கிடையே, தழும்பில் காணப்படும் கொலாஜன் என்னும் நார்ப்பொருள் அளவுக்கு மீறிப் படிந்திருப்பதைக் கண்டார்கள். நார் படிந்த தசை விறைத்து, நன்றாக விரிந்து இரத்தத்தை ஏற்கும் சக்தியை இழக்கிறது.

இந்த நஷ்டம் பிற்காலத்தில் எளிதில் ஈடாவதில்லை. ஏனெனில் இருதயத் தசை அணுக்கள் பல்கிப் பெருகும் காலம் பிறப்பை ஒட்டி ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. குளுக்கோஸையும் லாக்டேட்டையும் முக்கிய எரிபொருளாகக் கொண்டு இயங்கும் சிசுவின் இருதயத்துக்கு, பருமனான தாயின் இரத்தத்தில் மிகுந்துள்ள கொழுப்பும் அழற்சிப் பொருள்களும் நஞ்சுக்கொடியின் வழியே ஓர் ஒவ்வாத சூழ்நிலையை உண்டாக்குகின்றன.

ஆனால் இது மாற்றவொண்ணாத தலைவிதியன்று. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில், பருமனான சுண்டெலிகளைக் கர்ப்ப காலத்தில் மிதமாக ஓடப் பழக்கியபோது, தாய்களின் எடை குறையாதபோதிலும், அவற்றின் ஆண் குட்டிகளுக்கு வளர்ந்தபின் இருதயச் செயல் சீராகவே இருந்தது. சுண்டெலிக்குப் பொருந்துவது மனிதருக்கு அப்படியே பொருந்துமென்று சொல்வதற்கில்லை. எனினும், மருத்துவர் சம்மதித்த தேகப்பயிற்சியைக் கர்ப்பிணிகள் கைவிடாதிருக்க இது நல்ல தூண்டுகோல்.

கருவுற்றபின் பட்டினி கிடந்து எடை குறைக்க முயல்வதை வைத்தியர்கள் ஏற்பதில்லை. ஆதலால் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் கவனிக்கவேண்டிய காலம் கருத்தரிப்பதற்கு முன்னதே. அக்கவனிப்பை எல்லாப் பெண்களுக்கும் கிட்டச்செய்யாமல், பிறகு தாயின்மீது பழி சுமத்துவது அநீதியாகும். வறுமையும் ஓய்வின்மையும் மலிவான கொழுப்புப் பண்டங்களும் சேர்ந்து வளர்க்கும் பருமனைத் தணிக்கும் பொறுப்பு, குடும்பத்துக்கும் அரசாங்கத்துக்கும் தாய்க்கு நிகராகவே உண்டு.