ஒரே போன், நாட்டுக்கு ஒரு விலை – ஏன்?



சம்பளம் போட்ட மறுநாள் நமது நலன்புரி அலுவலகத்துக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் கேட்பது பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதி பற்றித்தான். இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது.

"ஐயா, மக குவைத்துல இருக்கா. அங்க போன் வெல கொறச்சலாம். வாங்கி அனுப்பட்டுமான்னு கேக்குறா. என்னா சொல்றது?"

இன்னொருவர் சற்றுக் கோபமாகவே கேட்டார். "டவுன் கடையில ஒரு வெல, துபாய்ல ஒரு வெல, இந்தியாவுல ஒரு வெல. இதுல நம்மள ஏமாத்துறது யாரு?"

பெரும்பாலும் யாரும் ஏமாற்றுவதில்லை. ஆனால் விஷயம் தெரியாமல் வாங்கினால் நாமே நம்மை ஏமாற்றிக்கொண்டதாகிவிடும். பிள்ளையின் படிப்புக்கும், வெளிநாட்டில் இருக்கும் தாயின் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்கும் இன்று போன் இல்லாமல் முடியாது. அதற்காகப் பல மாதம் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம் வீணாகக் கூடாது. அதனால் இம்முறை இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

நாம் கொய்கிற கொழுந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மலையில், ஒரே நாளில் கொய்த கொழுந்துதான். தொழிற்சாலையில் தூளாகி, கொழும்பு ஏலத்தில் ஒரு விலைக்குப் போகிறது. பெட்டியில் அடைத்து லண்டன் கடையில் வைக்கும்போது வேறு விலை. இடையில் கப்பல் கூலி, பொதி செய்யும் செலவு, அந்த நாட்டு வரி, வியாபாரியின் இலாபம் எல்லாம் ஏறிவிடுகின்றன. போனும் அப்படித்தான். தொழிற்சாலையை விட்டு வரும்போது அது ஒரே பொருள். எந்த நாட்டுக் கடையில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது.

ஒரு உண்மையான கணக்கு

2023 செப்டெம்பரில் ஐபோன் 15 என்ற போன் வெளிவந்தது. இது நம்மில் பலரும் வாங்குகிற போன் அல்ல. ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் கம்பனியே விலையை வெளிப்படையாக அறிவிப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கிறது. மிகக் குறைந்த ரகத்தின் விலை அப்போது இப்படி இருந்தது:

அமெரிக்காவில் 799 டொலர். மாநில வரி இதற்கு மேல்.
துபாயில் 3,399 திர்ஹாம். அதாவது சுமார் 925 டொலர்.
இந்தியாவில் 79,900 இந்திய ரூபா. சுமார் 960 டொலர்.
பிரேசிலில் 7,299 ரியால். 1,450 டொலருக்கும் மேல்.
துருக்கியில் 50,000 லீராவை ஒட்டி. சுமார் 1,850 டொலர்.

ஒரே போன்தான். அமெரிக்க விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் துருக்கியில். இத்தனைக்கும் இந்தப் போனில் ஒரு பகுதி சென்னைக்குப் பக்கத்தில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில்தான் பொருத்தப்பட்டது. அங்கே பொருத்திய போன் சென்னைக் கடையில் அமெரிக்காவை விட விலை கூட! செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மலிவாகக் கிடைக்கும் என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு. தேயிலை விளைகிற தோட்டத்தில் இருக்கும் நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

விலையை ஏற்றுவது எது?

முதலாவது, நாணயத்தின் பெறுமதி. வெளியிலிருந்து வருகிற போனுக்கு டொலரில்தான் பணம் கட்ட வேண்டும். 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் ஒரு டொலருக்குச் சுமார் 200 ரூபா. மே மாதம் அது 360 ரூபா அளவுக்குப் போனது. 100 டொலர் போன் ஒன்றுக்கு அதுவரை 20,000 ரூபா போதும். இரண்டே மாதத்தில் 36,000 ரூபா. போனில் ஒரு ஆணிகூட மாறவில்லை. அப்போது நமது நாட்சம்பளம் 1,000 ரூபா. 20 பேர் போட்டு வாங்கக்கூடிய சாமானுக்கு 36 பேர் போட வேண்டியதாயிற்று. வரியும் இலாபமும் இதற்கு மேல்தான்.

இரண்டாவது, வரி. நமது நாட்டில் பெறுமதி சேர் வரி (வற்) 2024 ஜனவரி 1ஆம் திகதி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. ஐக்கிய அரபு எமிரேட்சில் இந்த வரி 2018இல்தான் வந்தது, 5 சதவீதம். குவைத்திலும் கட்டாரிலும் இப்படியொரு வரியே இல்லை. சவூதியில் முதலில் 5 சதவீதம்தான். 2020 ஜூலையில் அதை 15 சதவீதமாக்கினார்கள். ஆகவே "வெளிநாடு" என்று பொதுவாகச் சொல்லக் கூடாது. குவைத்தில் இருக்கிற மகளுக்குக் கிடைக்கிற இலாபம் சவூதியில் இருக்கிற மகளுக்குக் கிடைக்காமல் போகலாம்.

இந்தியாவில் போனுக்கான வரியை 2020 ஏப்ரலில் 12இலிருந்து 18 சதவீதமாக்கினார்கள். வெளியிலிருந்து முழுப் போனாக வந்தால் சுங்க வரியும் உண்டு. அது 20 சதவீதமாக இருந்து 2024 ஜூலையில் 15 ஆகக் குறைந்தது. தங்கள் நாட்டிலேயே போன் செய்ய வேண்டும், ஆட்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அந்தச் சுங்க வரி. துருக்கியில் 2023இல் விசேட நுகர்வு வரி 50 சதவீதம் வரை போனது. அந்த வரியும் சேர்ந்த விலைக்கு மேல் இன்னும் 20 சதவீதம் பெறுமதி சேர் வரி. வரிக்கு மேல் வரி! அங்கே விலை ஏன் இரட்டிப்பானது என்று இப்போது விளங்கும்.

மூன்றாவது, வியாபாரியின் கணக்கு. பெரிய நாட்டில் இலட்சக்கணக்கில் போன் விற்கும். அதனால் கம்பனி குறைந்த இலாபத்துக்கும் கொடுக்கும். சின்ன நாட்டுக்குச் சில ஆயிரம்தான் வரும். கொண்டுவரும் செலவு, பழுது பார்க்கும் நிலையம், உத்தரவாதம் எல்லாவற்றையும் அந்தச் சில ஆயிரத்தின் மேல்தான் போட வேண்டும். கட்டுபடியாகாது என்று தெரிந்தால் சில ரகங்களை அனுப்பவே மாட்டார்கள். "விளம்பரத்துல பார்த்த போன் நம்ம டவுன்ல இல்லயே" என்று பிள்ளைகள் கேட்பதற்கு இதுவே காரணம்.

பெயர் ஒன்று, போன் வேறு

விலையை விடக் கவனிக்க வேண்டிய விஷயம் இது. பெட்டியில் ஒரே பெயர் இருந்தாலும், ஒவ்வொரு நாட்டுக்குமென்று செய்த போன் உள்ளே வேறுபடும்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். உயர்தரம் படிக்கும் மகனுக்காகத் தாய் வளைகுடா நாட்டில் புதுப் போன் ஒன்றை வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். மகன் நமது சிம்மைப் போட்டான். போன் ஏற்கவில்லை. "அம்மா ரெண்டு மாசச் சம்பளம் ஐயா" என்று பெட்டியோடு நம்மிடம் வந்து நின்றான். பெட்டியின் ஓரத்தில் சின்னச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. வாங்கிய பிரதேசத்து சிம்மைப் போட்டு முதலில் ஐந்து நிமிடமாவது பேசினால்தான் பூட்டுத் திறக்கும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. புதுப் பெட்டியைப் பிரிக்காமல் மகன் கையிலேயே கொடுக்க வேண்டும் என்ற ஆசையில் அந்தத் தாய் செய்தது அது. கடைசியில் திரும்பிப் போகிற ஒருவரிடம் போனைக் கொடுத்தனுப்பித் திறந்து எடுப்பதற்குள் நாலு மாதம் போய்விட்டது. அங்கேயே ஐந்து நிமிடம் பேசியிருந்தால் முடிந்திருக்கும் காரியம்.

இன்னும் சில வேறுபாடுகள்:

சிம் போடும் இடம். 2022இல் வந்த ஐபோன் 14 முதல், அமெரிக்காவில் விற்கிற ஐபோன்களில் சிம் அட்டை போடும் இடமே கிடையாது. 2025இல் வந்த ஐபோன் 17, சவூதி, குவைத், கட்டார், எமிரேட்ஸ் போன்ற நாடுகளிலும் அப்படியே விற்கப்பட்டது. அட்டை இல்லாத இ-சிம் மட்டும்தான். கையில் இருக்கிற சிம் அட்டையைச் செருக முடியாது.

சீனாவுக்கென்று செய்த போன். அங்கே கூகுள் சேவைகள் இல்லை. அதனால் அந்நாட்டுக்கான போன்களில் கூகுள் பிளே கடை இல்லாமலே வரும். யூடியூப், கூகுள் வகுப்பறை வைத்துப் படிக்கிற பிள்ளைக்கு அது பெரிய தொந்தரவு.

ஒரே கம்பனிக்குக் கட்டிய போன். இந்தியாவில் 2017இல் ஜியோ போன் வந்தது. 1,500 இந்திய ரூபா வைப்புப் பணம் கட்டினால் போதும் என்றார்கள். 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியா போய் நீலகிரிப் பக்கம் குடியேறிய நம் சொந்தங்கள் பலரும் அதை அறிவார்கள். ஆனால் அது ஜியோ சிம்மில் மட்டும் வேலை செய்யும். அங்கே இருக்கிற மாமா பாசத்தோடு கொடுத்தனுப்பினாலும் இங்கே அதில் பேச முடியாது. இப்படிப் பூட்டிய போன்கள் வேறு நாடுகளிலும் உண்டு. மாதக் கட்டணத்தோடு சேர்த்து விற்கிற போன் மலிவாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். பிரித்தானியாவிலும் ஜப்பானிலும் 2021இன் கடைசி மாதங்களில் இருந்து அப்படிப் பூட்டி விற்கக் கூடாது என்று விதி வந்தது. அதற்கு முன் விற்ற பழைய போன்கள் இன்னும் பூட்டோடு கைமாறுகின்றன.

அலைவரிசை. ஒவ்வொரு நாட்டிலும் கம்பனிகள் பாவிக்கும் அலைவரிசை வேறு. இங்கே பாவிக்கிற அலைவரிசை போனில் இல்லையென்றால் சிக்னல் குறையும். மலைச் சரிவிலும் பள்ளத்திலும் லயம் இருக்கிற நமக்கு, இருக்கிற சிக்னலும் போனால் கஷ்டம்தான்.

உத்தரவாதம். பல கம்பனிகளின் ஒரு வருட உத்தரவாதம் வாங்கிய நாட்டில் மட்டும்தான் செல்லும். இங்கே பழுதானால் செலவு நம் தலையில்.

நமது நாட்டுப் பதிவு

ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்கம் கொண்ட அடையாள எண் உண்டு. இதை ஐ.எம்.இ.ஐ. இலக்கம் என்பார்கள். நமக்கு அடையாள அட்டை இலக்கம் போல. இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு இலக்கம் இருக்கும். போனில் *#06# என்று அடித்தால் திரையில் தெரியும். பெட்டியிலும் அச்சிட்டிருக்கும்.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் இந்த இலக்கம் பதிவாகாத போன்களுக்கு 2025 ஜனவரி 28ஆம் திகதிக்குப் பிறகு இணைப்புக் கிடைக்காது என்று ஆணைக்குழு அறிவித்தது. அதற்கு முன்பே பாவனையில் இருந்த போன்களுக்குப் பாதிப்பில்லை என்றும் சொல்லப்பட்டது. பதிவு உண்டா என்று பார்ப்பது சுலபம். ஐ.எம்.இ.ஐ. என்ற நாலு எழுத்தையும் ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் அடித்து, 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். பதில் வரும்.

இது நமது நாட்டில் மட்டும் உள்ள வழக்கமல்ல. துருக்கியில் வெளியிலிருந்து கொண்டுபோன போன் 120 நாள்தான் ஓடும். பிறகு கட்டணம் கட்டிப் பதிய வேண்டும். 2025இல் அந்தக் கட்டணம் 45,614 லீரா! போனின் விலையே பலவற்றில் அதைவிடக் குறைவு. வெளியில் மலிவாக வாங்கி வந்து வரி கட்டாமல் பாவிப்பதை அரசுகள் இப்படித்தான் தடுக்கின்றன.

வாங்குவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்

1. டவுனில் இரண்டு, மூன்று கடையில் அதே ரகத்தின் விலையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விலையை அன்றைய நாணய மாற்றுப்படி ரூபாவாக்கிப் பாருங்கள்.

2. மகளோ மகனோ பணம் கட்டும் முன்பே பெட்டியில் உள்ள ஐ.எம்.இ.ஐ. இலக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். 1909இல் பாருங்கள். பதிவில்லை என்று வந்தால், அந்தப் போனை எப்படிப் பதிவது, என்ன செலவாகும் என்று ஆணைக்குழுவிடம் கேட்ட பிறகே வாங்கச் சொல்லுங்கள்.

3. சிம் அட்டை போடும் இடம் உண்டா, எந்தக் கம்பனிக்காவது பூட்டியதா, கூகுள் பிளே உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள்.

4. வாங்கிய நாட்டிலேயே பெட்டியைப் பிரித்து, அந்நாட்டு சிம்மைப் போட்டு ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசிய பிறகு அனுப்பச் சொல்லுங்கள்.

5. பற்றுச்சீட்டைத் தூக்கிப் போட வேண்டாம். டவுனில் வாங்கினாலும் 1909இல் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. டவுனில் 45,000 ரூபா, வெளிநாட்டில் 38,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 7,000 ரூபா மிச்சம். அந்த 7,000 ரூபாவுக்காக உத்தரவாதம் இல்லாமல், பதிவு இல்லாமல் 38,000 ரூபாவையும் பணயம் வைக்கலாமா? எல்லாவற்றையும் பார்த்துச் சரியாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். அது உங்கள் பிள்ளையின் உழைப்பு. ஆழம் தெரியாமல் காலை விட வேண்டாம் என்பதுதான் நாம் சொல்வது.

சந்தேகம் இருந்தால் பெட்டியையோ படத்தையோ கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம். காசு கொடுப்பதற்கு முன்னால் வாருங்கள், பின்னால் வேண்டாம்.